கேள்வி–பதில்: ஹாப்சன் கொடுத்த குதிரை

கேள்வி: ‘ரெய்னிங் கேட்ஸ் அண்ட் டாக்ஸ்’ என்றால் கனமழை என்று என் மகளுக்குச் சொல்லிக் கொடுத்தேன். பழைய இங்கிலாந்தில் கூரைமேல் படுத்திருந்த நாயும் பூனையும் மழையில் வழுக்கி விழுந்ததால் இந்தத் தொடர் வந்தது என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி பார்த்தேன். உண்மைதானா? (தென்காசி வாசகி)

பதில்: நீங்கள் சொல்லிக் கொடுத்த பொருள் சரி; வாட்ஸ்அப்பில் வந்த கதை தவறு. 1999ஆம் ஆண்டில், 1500களின் வாழ்க்கை இப்படித்தான் இருந்தது என்று மின்னஞ்சலில் ஊரெல்லாம் சுற்றிய கட்டுக்கதைகளுள் இதுவும் ஒன்று. கீற்றோ வைக்கோலோ வேய்ந்த கூரையை அருகில் நின்று பார்த்தவர்கள் இதை நம்ப மாட்டார்கள். தண்ணீர் தேங்காமல் வழிந்தோட வேண்டும் என்பதற்காகவே சரிவாகவும் நெருக்கமாகவும் வேயப்படும் கூரையில் குருவியோ எலியோ ஒண்டிக்கொள்ளலாம். நாய் ஏறிப் படுக்க அங்கே இடமேது? ஜோனதன் ஸ்விஃப்ட் 1710இல் லண்டன் மழையைப் பற்றி எழுதிய கவிதையில், இறைச்சிக் கடைக் கழிவுகளோடு செத்த பூனைகளும் மூழ்கிய நாய்க்குட்டிகளும் தெருவெள்ளத்தில் அடித்துக்கொண்டு வருகின்றன. ஆனால் இதை ஒத்த தொடர்கள் அதற்கு முந்தைய நூற்றாண்டிலேயே வழக்கில் இருந்ததால், அந்தக் கவிதையைப் பிறப்பிடமாகக் கொள்ளவும் இயலாது. ‘வானம் பொத்துக்கொண்டு ஊற்றுகிறது’ என்பதுதான் இதற்கு நிகரான நம் பேச்சு என்று மகளிடம் சொல்லுங்கள், அது போதும்.

கேள்வி: வங்கித் தேர்வுக்கான பயிற்சி வகுப்பில் ‘ஹாப்சன்ஸ் சாய்ஸ்’ என்பதற்கு ‘இருதலைக் கொள்ளி எறும்பின் நிலை’ என்று எழுதினேன். தவறு என்று அடித்துவிட்டார்கள். இரண்டும் ஒன்றில்லையா? (திருச்சி வாசகர்)

பதில்: இல்லை. பலரும் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

தாமஸ் ஹாப்சன் என்பவர் கேம்பிரிட்ஜில் வண்டிப் போக்குவரத்து நடத்தியவர், 1631இல் காலமானார். கேம்பிரிட்ஜுக்கும் லண்டனுக்கும் இடையே கடிதங்களையும் சரக்குகளையும் கொண்டு சென்ற அவர், லாயத்தில் ஏறத்தாழ நாற்பது குதிரைகளை வைத்துக்கொண்டு வாடகைக்கும் விட்டுவந்தார். குதிரை கேட்டு வந்தவர்கள், குறிப்பாகப் பல்கலைக்கழக மாணவர்கள், விரைந்து ஓடும் நல்ல குதிரைகளையே திரும்பத் திரும்பப் பிடித்துக்கொண்டு போனால் அவை ஓய்வின்றி நலிந்துவிடும் அல்லவா? அதனால் அவர் ஒரு முறை வகுத்தார்: லாயத்தின் கதவருகே எந்தக் குதிரை நிற்கிறதோ அதைத்தான் எடுக்க வேண்டும், பிடிக்கவில்லையென்றால் நடந்து போகலாம். வாயில்லாப் பிராணிகளின் உழைப்பை முறைவைத்துப் பங்கிட்ட அந்த ஏற்பாட்டை எண்ணும்போதெல்லாம் எனக்கு அவர்மீது மதிப்புக் கூடுகிறது. அவர் இறந்தபோது, அங்கே மாணவராக இருந்த ஜான் மில்டன் அவரைப் பற்றி இரண்டு கவிதைகள் எழுதினார்.

ஆகவே ‘ஹாப்சன்ஸ் சாய்ஸ்’ என்பது தேர்வு போலத் தோன்றினாலும் தேர்வே இல்லாத நிலை: கொடுப்பதை எடுத்துக்கொள், இல்லையேல் விட்டுவிடு. மாணிக்கவாசகர் பாடிய இருதலைக் கொள்ளி எறும்புக்கோ இரண்டு பக்கமும் நெருப்பு. எந்தப் பக்கம் போனாலும் அழிவு. ஆங்கிலத்தில் அதை ‘டைலமா’ என்பார்கள். ‘பிட்வீன் த டெவில் அண்ட் த டீப் ப்ளூ சீ’ என்றும் சொல்லலாம். கதவருகே நிற்கும் ஒற்றைக் குதிரையையும் இரண்டு முனையும் எரியும் கொள்ளியையும் மனத்தில் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள். இனிக் குழம்ப மாட்டீர்கள்.

கேள்வி: ‘கேரியிங் கோல்ஸ் டு நியூகாசில்’ என்பதைத் தமிழில் எப்படி எழுதுவது? (மதுரை வாசகர்)

பதில்: நிலக்கரியையும் நியூகாசிலையும் அங்கேயே விட்டுவிட்டு, ‘கொல்லன் தெருவில் ஊசி விற்பது’ என்று எழுதுங்கள். டைன் ஆற்றங்கரையிலிருக்கும் நியூகாசிலிலிருந்துதான் லண்டனுக்குப் பல நூற்றாண்டுகள் கப்பல் கப்பலாக நிலக்கரி சென்றது. அந்த ஊருக்கே கரி கொண்டு போவது வீண்வேலை என்பது கருத்து. பேச்சுநடையில் எழுதுவதானால் ‘திருநெல்வேலிக்கே அல்வாவா?’ என்று கேட்டாலும் பொருந்தும்.

கேள்வி: உடன் வேலை செய்பவரின் தந்தை இறந்த செய்தி கேட்டு, அலுவலக வாட்ஸ்அப் குழுவில் ‘கிக்ட் த பக்கெட்’ என்ற தொடரைப் போட்டு இரங்கல் எழுதினேன். உடனே நீக்கும்படி மேலாளர் சொன்னார். அகராதியில் ‘இறந்தார்’ என்றுதானே இருக்கிறது? (கோவை வாசகர்)

பதில்: பொருள் அதுதான், இடம்தான் தவறிவிட்டது. பிரான்சிஸ் கிரோஸ் என்பவர் 1785இல் கொச்சை வழக்குகளை மட்டும் திரட்டி வெளியிட்ட அகராதியிலேயே இந்தத் தொடர் இடம்பெற்றுவிட்டது என்றால், அதன் தரத்தை நீங்கள் உணரலாம். தமிழில் ஒருவருடைய இரங்கல் மடலில் ‘உங்கள் அப்பா மண்டையைப் போட்டுவிட்டார் என்று அறிந்து வருந்துகிறேன்’ என்று எழுதியிருந்தால் படிப்பவர் நெஞ்சு எப்படிப் பதறும்? நீங்கள் அறியாமல் எழுதியது அதுதான். நாம் ‘காலமானார்’, ‘இயற்கை எய்தினார்’, ‘இறைவனடி சேர்ந்தார்’ என்று ஆளும் இடமும் பார்த்துச் சொல்வதுபோல, ஆங்கிலத்தில் இத்தகைய நேரங்களில் ‘பாஸ்ட் அவே’ என்பதே தகும்.

இனி அகராதியைப் பார்க்கும்போது, பொருளுக்குப் பக்கத்தில் ‘இன்ஃபார்மல்’ என்றோ ‘ஸ்லாங்’ என்றோ சிறிய எழுத்தில் இருக்கும் குறிப்பையும் படியுங்கள். நண்பரிடம் குழுவில் மன்னிப்புக் கேட்க வேண்டாம். நேரில் போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, அந்தத் தொடரின் தரம் தெரியாமல் எழுதிவிட்டேன் என்று தமிழிலேயே சொல்லுங்கள்.