மே மாதத்தில் எல்லாம் ஒன்றாக வந்தால்

சகோதரி, பதினோராம் வகுப்பு மகளுக்கு ஓட்டப்பந்தயம், விவாதப் போட்டி, ப்ராம் என்ற பள்ளி நடன விருந்து எல்லாம் ஏபி தேர்வுகளோடு (அமெரிக்க உயர்நிலைப் பள்ளியில் எழுதும் கல்லூரித் தரத் தேர்வுகள்) மோதுகின்றன, எதை நிறுத்துவது என்று கேட்டிருந்தீர்கள். முழுசாக எதையும் நிறுத்த வேண்டாம். ஏபி தேர்வுகள் மே முதல் இரண்டு வாரங்களில் வரும். அதே நாளில் பந்தயமோ போட்டியோ இருந்தால், பிந்தைய தேதியில் எழுத வழி உண்டு. பள்ளி ஏபி ஒருங்கிணைப்பாளர்தான் அதற்கு ஏற்பாடு செய்ய வேண்டும், இப்போதே கேளுங்கள்.

என் மகன் 800 மீட்டர் ஓடுபவன். பயிற்சி முடிந்து வந்தால் ஒன்பது மணிக்கே கண் சொருகிவிடும். தட்டியெழுப்பிப் படிக்கவைத்தேன், ஒன்றும் ஏறவில்லை. தூங்கவிட்டு, விடிகாலை ஐந்தரைக்கு எழுந்து படித்தபோதுதான் மனதில் நின்றது. ப்ராம் ஒரே இரவு, உங்கள் மகள் சந்தோஷமாகப் போய் வரட்டும். விவாதப் போட்டியில் மட்டும் தகுதிச்சுற்று இல்லாத ஒரு வார இறுதியை அவளே தேர்ந்தெடுத்து, அதற்குப் போகாமல் விட்டுவிடட்டும்.