மாத்திரைக் காசு எங்கே போகிறது?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த் பகுதியில் கிளினிக் நடத்தும் ஒரு டாக்டரின் கேள்வி: "எழுபது தாண்டிய ஒரு அம்மா, கணவர் இல்லை. சர்க்கரை, பிரஷர் இரண்டும் உண்டு. மாதக் கடைசியில் மாத்திரை வாங்கக் காசில்லை என்கிறார். கசினோவுக்குப் போகிறார் என்று மகள் தனியாகச் சொன்னார். மனம் நோகாமல் எப்படிக் கேட்பது? வயதானவர்கள் எல்லோரிடமுமே கேட்க வேண்டுமா?"

எல்லோரிடமும் கேளுங்கள். புகையிலை, மதுவோடு சேர்த்துக் கேட்டால் விசாரணை மாதிரி இருக்காது, மகள் சொன்னதையும் காட்டிக்கொள்ள வேண்டியதில்லை. அந்த நேரம் மகள் வெளியே உட்காரட்டும்.

"சூதாடுவீர்களா?" என்றால் இல்லை என்றுதான் பதில் வரும். லாட்டோ சீட்டு, ஸ்லாட் மெஷின், கிரேவில் மைதானத்துக் குதிரைப் பந்தயம், கனவில் கண்டதற்கு எண் பார்த்துக் கட்டும் ஃபாஃபி, பேரன் போனில் போட்டுக்கொடுத்த பந்தய ஆப் என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி, "ஆண்ட்டி, இதில் ஏதாவது விளையாடுவதுண்டா?" என்று கேளுங்கள்.

உண்டு என்றால் லை-பெட் எனப்படும் இரண்டு கேள்விகள். மேலும் மேலும் அதிகப் பணம் வைக்க வேண்டும்போல் இருந்ததுண்டா? எவ்வளவு ஆடினீர்கள் என்பதைப் பற்றி வேண்டியவர்களிடம் பொய் சொல்ல நேர்ந்ததா? ஒன்றுக்கு ஆமாம் வந்தாலும், சூதாட்டப் பிரச்சினை எவ்வளவு தீவிரம் என்று அளக்கும் பி.ஜி.எஸ்.ஐ. அளவீட்டுக்குப் போங்கள். கடந்த 12 மாதங்களைப் பற்றிய 9 கேள்விகள், மொத்தம் 27 புள்ளி. 8 அல்லது அதற்கு மேல் வந்தால்தான் கவலை என்று இருந்துவிடாதீர்கள். அரசு தரும் முதியோர் மானியத்தில் வாழ்பவர் விட்ட காசை இனி உழைத்துச் சம்பாதிக்க வழியில்லை. அதனால் முதியவர் 4 எடுத்தாலே நான் விடமாட்டேன்.

அடுத்து மருந்துச் சீட்டைப் பாருங்கள். பலர் தவறவிடும் இடம் இது. பார்க்கின்சன் நோய்க்கும், இரவில் கால் நிலைகொள்ளாமல் தவிப்பதற்கும் தரும் பிராமிபெக்ஸோல், ரோபினிரோல், மனநல மருந்தான அரிபிப்ரசோல் ஆகியவை சிலருக்கு சூதாட்ட வெறியைக் கிளப்பிவிடும். வாழ்நாளில் சீட்டே தொடாதவர் திடீரென்று ஆட ஆரம்பித்தால் முதல் சந்தேகம் இதுதான். சட்டென்று நிறுத்தச் சொல்லாதீர்கள், எழுதிக்கொடுத்த நிபுணரிடம் பேசி மெல்லக் குறைக்க வேண்டும். அதோடு நினைவாற்றலையும் சோதியுங்கள், சிலவகை மறதி நோய்கள் இப்படியும் தலைகாட்டும். மனச்சோர்வு இருக்கிறதா, சாக வேண்டும் என்ற எண்ணம் வருகிறதா என்று நேராகவே கேட்டுவிடுங்கள். கடன் மறைப்பவர்களிடம் அது இருக்கக்கூடும்.

சரி, பிரச்சினை உறுதியானால்? தேசியப் பொறுப்பான சூதாட்டத் திட்டத்தின் இலவச உதவி எண் 0800 006 008 இருக்கிறது. அவர் ஒப்புக்கொண்டால் உங்கள் அறையிலிருந்தே கூப்பிடுங்கள், சீட்டில் எழுதிக்கொடுத்தால் கைப்பையோடு போய்விடும். 2004-ஆம் ஆண்டு தேசிய சூதாட்டச் சட்டத்தின் 14-ஆவது பிரிவின்படி, தன்னைச் சூதாட விட வேண்டாம் என்று அவரே பதிவு செய்துகொள்ளலாம். குடும்பத்தார் நீதிமன்றத்தை நாடவும் அதே பிரிவில் இடமுண்டு, ஆனால் அதைக் கடைசியாக வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். மகளோடான உறவு அறுந்தால் அந்த அம்மாவுக்குப் பேச்சுத்துணை மெஷின் மட்டும்தான்.

முதியோர் மானியம் மாதத் தொடக்கத்தில் வருகிறது. அதனால் அடுத்த சந்திப்பை மாதக் கடைசி வாரத்தில் வைத்து, வரப்போகும் பணத்தில் மாத்திரைக்கும் கரண்டுக்கும் முதல் நாளே எடுத்துவைக்க வேண்டியது எவ்வளவு என்று அவரோடு உட்கார்ந்து எழுதிவிடுங்கள்.