பூஞ்சைத் தொற்றும் நானோ மருந்தும்: வாசகர் கேள்விகள்

குலசேகரத்திலிருந்து: ரப்பர் பால்வெட்டுக்குப் போகிறேன். தொடையிடுக்கில் படர்தாமரை. மருந்துக்கடையில் ‘நானோ ஜெல்’ என்று விலை கூடுதலாக ஒன்று தருகிறார்கள். வாங்கலாமா?

உள்ளே இருப்பது பெரும்பாலும் டெர்பினாஃபினோ லூலிகோனசோலோதான், இரண்டும் வழக்கமான பூஞ்சை மருந்துகள். மருந்தை நுண்ணிய கொழுப்புத் துளிகளில் அடைத்தால் தோலின் மேலடுக்கில் நன்றாக இறங்கித் தங்கும். அந்த அளவுக்குப் பயன் உண்டு. ஆனால் அரிப்பு நின்றதும் பூசுவதை நிறுத்தினால் எந்த ஜெல்லும் தோற்றுப்போகும். படையின் நடுப்பகுதி தெளிந்திருக்கும்போதும் சிவந்து தடித்த விளிம்பில் பூஞ்சை பரவிக்கொண்டே இருக்கும். அதனால் விளிம்பைத் தாண்டி 2 செ.மீ. வரை பூசுங்கள். படை மறைந்த பிறகும் 2 வாரம் தொடருங்கள். ஆள்காட்டி விரலின் நுனியிலிருந்து முதல் மடிப்பு வரை பிதுக்கினால் ஏறக்குறைய அரை கிராம். இரண்டு உள்ளங்கை அளவு இடத்துக்கு அது போதும்.

பெட்டியில் குளோபிட்டாசோல், பீட்டாமெத்தசோன் என்ற பெயர் இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். இவை ஸ்டீராய்டு. சிவப்பு சீக்கிரம் தணியும், பூஞ்சை பரவும், தொடையில் தோல் மெலிந்து வரிவரியாகக் கோடு விழும். அந்தக் கோடு மறையாது. நம் குமரி மாவட்டத்தில் இரண்டு பருவமழையும் பெய்வதால் ஈர உள்ளாடையை உடனே மாற்றுவதும் மருந்தைப் போலவே முக்கியம். வீட்டில் வேறு யாருக்காவது இருந்தால் சேர்ந்தே சிகிச்சை எடுங்கள். டெர்பினாஃபினுக்கு மசியாத பூஞ்சை இப்போது இந்தியாவில் நிறைய. 4 வாரத்தில் குறையாவிட்டால் தோல் மருத்துவரிடம் போங்கள்.

நாகர்கோவிலிலிருந்து ஒரு செவிலியர்: லிப்போசோமல் ஆம்ஃபோடெரிசின் பி-யை (நுண்ணிய கொழுப்புக் குமிழிகளில் அடைத்து நரம்பு வழியாக ஏற்றும் பூஞ்சை மருந்து) நார்மல் சலைனில் (உப்புநீரில்) கலக்கலாமா?

உறையவைத்து உலர்த்திய பொடியாக வரும் 50 மி.கி. வயலுக்கு (மருந்துக் குப்பிக்கு) கூடாது. முதலில் 12 மி.லி. ஊசிநீர் விட்டு 30 விநாடி நன்றாகக் குலுக்குங்கள், மி.லி.க்கு 4 மி.கி. வரும். பிறகு 5 மைக்ரான் ஃபில்டர் வழியாக 5% டெக்ஸ்ட்ரோஸில் சேர்க்க வேண்டும். உப்பு பட்டால் மருந்து திரிந்து படியும். அதே லைனில் சலைன் ஓடியிருந்தால் முன்னும் பின்னும் டெக்ஸ்ட்ரோஸால் கழுவுங்கள். சில தயாரிப்புகளுக்கு முறையே வேறு. பெட்டிக்குள் உள்ள தாளைப் படித்த பிறகே வயலைத் திறக்கவும்.

கருப்புப் பூஞ்சைக்குக் கிலோவுக்கு 5 மி.கி. என்றால் 60 கிலோ நோயாளிக்கு 300 மி.கி., ஆறு வயல். இதே கணக்கில் சாதாரண ஆம்ஃபோடெரிசினை ஏற்றினால் உயிருக்கே ஆபத்து. அதன் உச்ச வரம்பு கிலோவுக்கு 1.5 மி.கி. மட்டுமே. பெயர் ஒன்றுபோல இருப்பதால்தான் இந்தத் தவறு நடக்கிறது. ‘லிப்போசோமல்’ என்ற சொல்லை இருவர் வாய்விட்டுப் படித்துச் சரிபாருங்கள். இரத்தத்தில் கிரியாட்டினின் (சிறுநீரகச் செயல்பாட்டைக் காட்டும் அளவு), பொட்டாசியம், மெக்னீசியம் மூன்றையும் தொடர்ந்து பார்க்க வேண்டும்.

தக்கலையிலிருந்து: நானோ வெள்ளி நீர் குடித்தால் பூஞ்சை போகுமா?

போகாது, குடிக்காதீர்கள். ஆய்வகத் தட்டில் வெள்ளித்துகள் பூஞ்சையைக் கொல்வது உண்மை. உடலுக்குள் போனால் தோலில் தங்கி நிரந்தரமாக நீலச்சாம்பல் நிறமாக்கிவிடும்.

குளச்சலிலிருந்து: மீன்பிடித் தொழில். கால் நகம் மஞ்சளாகித் தடித்துவிட்டது. பூச்சு மட்டும் போதுமா?

நகம் தடித்துவிட்டால் மேல்பூச்சு அடிவரை இறங்குவது கடினம். முதலில் நகத்தைச் சுரண்டிப் பூஞ்சைதானா என்று சோதியுங்கள். உறுதியானால் மருத்துவர் பெரும்பாலும் டெர்பினாஃபின் 250 மி.கி. தினம் ஒன்று, 12 வாரம் தருவார். அதற்கு முன் கல்லீரல் பரிசோதனை தேவை. கால் பெருவிரல் நகம் முழுதாக வளர ஓராண்டுக்கு மேல் ஆகும். மாத்திரை முடிந்த அன்று நகம் அசிங்கமாகவே இருந்தாலும் மனம் தளர வேண்டாம். அடியிலிருந்து தெளிவாக வளர்கிறதா என்று மட்டும் பாருங்கள்.