நன்னடத்தை அலுவலரிடம் என்ன சொல்வது?

வாசகர் கேள்வி – பதில்

குற்றம் சாட்டப்பட்ட சிறாரின் பெயர், முகவரி, பள்ளி ஆகியவற்றைப் பத்திரிகைகள் வெளியிடக் கூடாது என்பது இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவு. ஆகவே கேள்வி அனுப்பியவர்களின் பெயரையும் ஊரையும் விட்டுவிட்டு, பதிலுக்குத் தேவையானவற்றை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

கேள்வி: என் மகனுக்கு 16 வயது, பதினொன்றாம் வகுப்பு படிக்கிறான். அவனைவிட மூத்த இருவரோடு சேர்ந்து பைக் ஒன்றைத் திருடியதாகப் பிடித்து, அரசு கூர்நோக்கு இல்லத்தில் வைத்திருக்கிறார்கள். மூத்தவர்கள் இருவரும் இருபது வயதைத் தாண்டியவர்கள். நன்னடத்தை அலுவலர் ஒருவர் வீட்டுக்கு விசாரிக்க வருவாராம். என் கணவருக்குக் குடிப்பழக்கம் உண்டு. மகனும் இரண்டு மாதமாகப் பள்ளிக்குச் சரியாகப் போகவில்லை. இதையெல்லாம் மறைத்துவிடு, இல்லையென்றால் பிள்ளையை விடமாட்டார்கள் என்று உறவினர்கள் சொல்கிறார்கள். ஜாமீன் கையெழுத்துப் போடவும் எங்களுக்கு ஆள் இல்லை. நான் என்ன செய்வது?

பதில்: தயவுசெய்து எதையும் மறைக்காதீர்கள், அம்மா. உங்களைத் தேடி வருபவர் காவல் துறையைச் சேர்ந்தவர் அல்லர். உங்கள் மகன் திருடினானா இல்லையா என்று கண்டுபிடிப்பதும் அவருடைய வேலை அல்ல. சிறுவன் பிடிபட்ட செய்தியைக் காவலர்கள் பெற்றோருக்குத் தெரிவிப்பது போலவே நன்னடத்தை அலுவலருக்கும் தெரிவிக்க வேண்டும். அவர் இரண்டு வாரத்துக்குள் சமூக விசாரணை அறிக்கை ஒன்றை, சிறார் வழக்குகளை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமத்திடம் அளிக்க வேண்டும் என்று 13ஆம் பிரிவு கூறுகிறது. வீட்டின் நிலை, வருமானம், படிப்பு, உடல்நலம், நட்பு, பழக்கவழக்கம், சம்பவத்துக்கு முன் பிள்ளையின் வாழ்வில் என்ன நடந்துகொண்டிருந்தது என்பதெல்லாம் அதில் இடம்பெறும். குழுமத்தில் நடுவர் ஒருவரும், சமூகப் பணியாளர்கள் இருவரும் இருப்பார்கள். அந்த இருவரில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும். அவர்கள் உங்கள் மகனைப் பார்த்திருப்பது சில நிமிடங்கள்தான் என்பதால், அவன் வளர்ந்த வீட்டைப் பற்றி அவர்களுக்குத் தெரியப்போவது பெரும்பாலும் இந்த அறிக்கையின் வழியாகத்தான்.

இலவசச் சட்ட உதவி வழக்கறிஞராகக் குழுமத்தின் முன் பல ஆண்டுகள் நின்றிருக்கிறேன். பிள்ளை ஒழுங்காகப் பள்ளிக்குப் போகிறான் என்று தாய் சொல்லியிருக்க, வருகைப் பதிவேடு வேறு விதமாகச் சொன்ன வழக்குகளைக் கண்டிருக்கிறேன். அலுவலர் பள்ளியிலும் அக்கம்பக்கத்திலும் விசாரிக்கத்தான் செய்வார். ஒரு பொய் வெளிப்பட்டால், அந்தத் தாய் சொன்ன மற்ற உண்மைகளுக்கும் மதிப்புக் குறைந்துவிடுகிறது. அதன் விளைவைச் சுமப்பது பிள்ளைதான்.

உங்கள் உறவினர்களின் பயத்தில் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். 12ஆம் பிரிவின்படி, குற்றம் ஜாமீனில் விடக்கூடியதோ விடக்கூடாததோ, சிறுவனை ஜாமீனில் விடுவதே விதி. மறுக்க வேண்டுமானால் மூன்று காரணங்களில் ஒன்று இருக்க வேண்டும்: வெளியே வந்தால் குற்றவாளிகளோடு மறுபடியும் சேர்வான் என்பது, அவனுடைய ஒழுக்கத்துக்கோ உடலுக்கோ மனத்துக்கோ ஆபத்து நேரும் என்பது, நீதியின் நோக்கம் கெட்டுவிடும் என்பது. மறுத்தால் அந்தக் காரணத்தைக் குழுமம் எழுத்தில் பதிவுசெய்ய வேண்டும். முதல் இரண்டும் உங்கள் வீட்டையும் தெருவையும் பற்றியவை என்பதைக் கவனியுங்கள். ஆகவே குறையைச் சொல்லும்போது, அதற்கு நீங்கள் வைத்திருக்கும் வழியையும் சேர்த்துச் சொல்லுங்கள். கணவர் குடித்துவிட்டு வரும் நாட்களில் மகன் யார் வீட்டில் இருப்பான், அந்த நண்பர்களிடமிருந்து விலகித் தாத்தா வீட்டிலோ மாமா வீட்டிலோ தங்கிப் படிக்க முடியுமா, பள்ளியில் மீண்டும் சேர்த்துக்கொள்ளத் தலைமை ஆசிரியர் சம்மதிக்கிறாரா, கணவர் சிகிச்சைக்கு வர ஒப்புக்கொள்வாரா என்பவற்றை அலுவலர் வருவதற்கு முன்பே விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளையைத் தன் பொறுப்பில் வைத்துக்கொள்ளத் தயாராக இருக்கும் உறவினர், அலுவலர் வரும் நாளில் வீட்டில் இருந்தால் மிகவும் நல்லது.

கையெழுத்துப் போட ஆள் இல்லையே என்று கலங்க வேண்டாம். பிணையாள் இல்லாமலும் விடலாம், நன்னடத்தை அலுவலரின் மேற்பார்வையில் ஒப்படைத்தும் விடலாம் என்று அதே 12ஆம் பிரிவில் இருக்கிறது. ஜாமீன் கிடைத்தும் நிபந்தனையை ஏழு நாட்களுக்குள் நிறைவேற்ற முடியாமல் போனால், நிபந்தனையை மாற்றுவதற்காகச் சிறுவனை மீண்டும் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும். வழக்கறிஞருக்குப் பணம் இல்லையென்றால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள். 15100 என்ற எண்ணிலும் உதவி கேட்கலாம்.

மூத்தவர்களின் வழக்கு வேறு, உங்கள் மகனின் விசாரணை வேறு; இரண்டையும் சேர்த்து நடத்தச் சட்டம் இடம் தராது. சாதாரணத் திருட்டுக்கு அதிகபட்சத் தண்டனை மூன்றாண்டு என்பதால் அது சிறு குற்றம் என்ற வகையில் அடங்கும். விசாரணையை நான்கு மாதத்தில் முடிக்க வேண்டும். மேலும் இரண்டு மாதம் நீட்டிக்கலாம். அதற்குள்ளும் முடியாவிட்டால் சிறு குற்ற வழக்கு அத்தோடு கைவிடப்படும். குற்றம் செய்தான் என்று முடிவானாலும், அறிவுரை கூறி வீட்டுக்கு அனுப்புவது, குழு ஆலோசனை, சமூக சேவை, பெற்றோரின் உறுதிமொழிப் பத்திரத்தின்பேரில் அதிகபட்சம் மூன்றாண்டு நன்னடத்தைக் கண்காணிப்பு எனப் பல வழிகள் குழுமத்துக்கு உண்டு. பள்ளிக்குப் போக வேண்டும், குறிப்பிட்ட இடங்களுக்குப் போகக் கூடாது என்றும் உத்தரவிடலாம். இவற்றில் எது உங்கள் மகனுக்கு ஏற்றது என்று குழுமம் முடிவுசெய்யும்போதும் இதே அறிக்கையைத்தான் கையில் எடுக்கும்.

கேள்வி: நான் உயர்நிலைப் பள்ளித் தலைமை ஆசிரியர். குழுமத்தின் விசாரணை முடிந்து ஒரு மாணவன் திரும்பி வந்திருக்கிறான். அவனைச் சேர்க்கக் கூடாது என்று சில பெற்றோர் வற்புறுத்துகிறார்கள். மாற்றுச் சான்றிதழில் இதைக் குறிப்பிட வேண்டுமா?

பதில்: குறிப்பிடவே கூடாது. குழுமம் குற்றம் செய்ததாக முடிவுசெய்திருந்தாலும் அதனால் அவனுக்கு எந்தத் தகுதியிழப்பும் நேராது என்று 24ஆம் பிரிவு சொல்கிறது. வழக்கு முடிந்தபின் நடத்தைச் சான்றுக்காகக்கூட அந்தப் பதிவைக் காவல் துறை வெளியிட முடியாது என்னும்போது, பள்ளி தன் கையால் அதைச் சான்றிதழில் எழுதிக் கொடுப்பது எவ்வளவு பெரிய அநீதி! இந்தியாவிலேயே முதன்முதலாகச் சிறாருக்கென்று தனிச் சட்டம் வந்தது 1920இல், நம் சென்னை மாகாணத்தில்தான். நூறாண்டு கடந்தும் வகுப்பறை வாசலில் ஒரு பிள்ளையைத் தடுத்து நிறுத்தினால் அதை என்னால் ஏற்க முடியாது. எதிர்க்கும் பெற்றோரிடம் அவனைப் பற்றிய விவரம் எதையும் பேசாமல், சேர்க்கை பள்ளியின் பொறுப்பு என்று மட்டும் சொல்லுங்கள். அவன் நன்னடத்தைக் கண்காணிப்பில் இருந்தால், அலுவலர் பள்ளிக்கு வரும்போது மற்ற மாணவர்கள் அறியாதபடி உங்கள் அறையில் சந்திக்க ஏற்பாடு செய்யுங்கள்.

கேள்வி: என் பேரனுக்கு 17 வயது. காவலர்கள் 19 என்று எழுதியதால் சிறையில் இருக்கிறான். இப்போது ஏதாவது செய்ய முடியுமா?

பதில்: முடியும், ஐயா. சம்பவம் நடந்த தேதியில் 18 நிறையவில்லை என்ற கோரிக்கையை எந்த நீதிமன்றத்திலும், வழக்கின் எந்தக் கட்டத்திலும் எழுப்பலாம். பள்ளி வழங்கும் பிறந்த தேதிச் சான்றிதழோ பத்தாம் வகுப்புச் சான்றிதழோதான் முதல் ஆதாரம். அது இல்லையென்றால் மாநகராட்சி, நகராட்சி அல்லது ஊராட்சி வழங்கிய பிறப்புச் சான்றிதழ். இரண்டும் இல்லாதபோது மட்டுமே மருத்துவப் பரிசோதனை. ஆதார் அட்டையை மட்டும் நம்பிப் போகாதீர்கள். நாளை காலையிலேயே அவன் படித்த பள்ளிக்குச் சென்று, பிறந்த தேதிச் சான்றிதழை எழுத்துமூலம் கேட்டு வாங்கி, சட்ட உதவி வழக்கறிஞரிடம் கொடுங்கள்.