மாநாட்டுக்குப் போனால் எழுத்து வருமா?

எழுத்தாளர் மாநாடுகள், பட்டறைகள் பற்றி வாசகர்கள் கேட்டவை இந்த முறை.

கேள்வி: சில வருடங்களாகச் சிறுகதை எழுதுகிறேன். ஒரு நாவல் பாதியில் நிற்கிறது. எழுத்தாளர் மாநாடு எதற்காவது போய்ப் பார் என்று தோழி நச்சரிக்கிறாள். அங்கே உட்கார்ந்து பேச்சுக் கேட்கிற நேரத்தில் வீட்டிலேயே பத்துப் பக்கம் எழுதிவிடலாமே?

பதில்: எழுதலாம்தான். எழுதுகிற வேலையை எந்த மாநாடும் உங்களுக்காகச் செய்து தராது. ஆனால் அந்தப் பத்துப் பக்கத்தை யார் படிக்கப் போகிறார்கள்? வீட்டில் இருப்பவர்கள் "நல்லா இருக்கு" என்பார்கள், நண்பர்கள் "அப்புறம் படிக்கிறேன்" என்பார்கள். அவர்கள் மேல் குற்றம் இல்லை, ஆனால் உங்கள் கதைக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. எழுதுகிறவருக்கு வேண்டியது, எழுதத் தெரிந்த இன்னொருவரின் வாசிப்பு. "மூன்றாம் பக்கத்தில் யார் பேசுகிறார்கள் என்று புரியாமல் மறுபடி படித்தேன், அண்ணனா தம்பியா?" என்று கேட்கத் தெரிந்த, கேட்க மனமும் உள்ள ஓர் ஆள். மாநாட்டுக்குப் போவதன் பெரிய பலனே அந்த ஆள் கிடைப்பதுதான், மேடைப் பேச்செல்லாம் அதற்குப் பிறகுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இது நேற்று முளைத்த பழக்கமும் இல்லை. அமெரிக்காவில், வெர்மான்ட் மாநிலத்து மலைப்பகுதியில் மிடில்பரி கல்லூரி நடத்துகிற பிரெட் லோஃப் மாநாடு 1926-இல் தொடங்கியது. கவிஞர் ராபர்ட் ஃப்ராஸ்ட் பல்லாண்டுகள் அதோடு நெருங்கி இருந்தவர். 1968-இல் தொடங்கிய கிளாரியன் பட்டறை அறிவியல் புனைகதை எழுத விரும்புகிறவர்களுக்கானது, ஆறு வாரம் நடக்கும். பின்னாளில் அறிவியல் புனைகதையில் பெரும்பெயர் பெற்ற அமெரிக்க எழுத்தாளர் ஆக்டேவியா பட்லர் 1970-இல் அங்கே மாணவியாகப் போனார். கிடைத்த சின்னச் சின்ன வேலைகளைச் செய்து பிழைத்துக்கொண்டு, வேலைக்குக் கிளம்புமுன் விடியற்காலை இருட்டில் எழுந்து எழுதிக்கொண்டிருந்தவர். அந்தப் பட்டறையை ஒட்டி அவருடைய முதல் இரண்டு கதைகள் விலைபோயின. சரி, அதோடு வாழ்க்கை மாறிவிட்டதா? இல்லை. அதற்கப்புறம் ஐந்து வருடம் எதுவுமே விற்கவில்லை என்று அவரே எழுதியிருக்கிறார். முதல் நாவல் வந்தது 1976-இல். நடுவில் கிடந்த அந்த வறண்ட காலத்தில் அவர் எழுத்தை விட்டுவிடவில்லை என்பதை நினைத்துப் பாருங்கள். பட்டறையால் புகழ் உடனே வந்துவிடவில்லை. 'நான் எழுதுகிறவள், என்னைப் போல எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள்' என்ற பிடிப்பு ஒருவருக்கு அங்கே கிடைக்கும், ஆண்டுக்கணக்கில் தனியாக எழுதுகிறவருக்கு அது சாதாரண விஷயம் இல்லை.

பாதியில் நிற்கிற நாவலுக்கும் ஒரு நன்மை உண்டு. பட்டறை உள்ள மாநாடுகள் பெரும்பாலும் சில வாரம் முன்பே பக்கங்களை அனுப்பச் சொல்லும். முன்பின் தெரியாத நாலு பேர் படிக்கப் போகிறார்கள் என்று தெரிந்ததும் கை தானாக வேகம் பிடிக்கும். நாலு மாதமாகத் திருத்தாமல் வைத்திருந்த அத்தியாயத்தை ஒரே வாரத்தில் முடித்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: பட்டறையில் எல்லோர் முன்னாலும் என் கதையைக் கிழித்துத் தொங்கவிட்டால் என்ன செய்வது? அந்தப் பயத்திலேயே விண்ணப்பம் போடாமல் இருக்கிறேன்.

பதில்: பயம் நியாயமானது. அதனால் முதலில் அங்கே என்ன நடக்கும் என்று தெரிந்துகொள்ளுங்கள். 1956-இல் அமெரிக்க அறிவியல் புனைகதை எழுத்தாளர் டேமன் நைட்டும் நண்பர்களும் பென்சில்வேனியாவின் மில்ஃபோர்டில் ஆரம்பித்த முறைதான் இன்றைக்குப் பல இடங்களில் இருக்கிறது. கதையை எல்லோரும் முன்கூட்டியே படித்துவிட்டு வருவார்கள். வட்டமாக உட்கார்ந்து, ஒருவர் பின் ஒருவராகச் சில நிமிடம் பேசுவார்கள், குறுக்கே யாரும் பேசக் கூடாது. எழுதியவர் கடைசிவரை வாய் திறக்கக் கூடாது. எல்லோரும் முடித்த பிறகுதான் அவர் முறை. கேட்க இது கொடுமையாக இருக்கும். ஆனால் இந்த மௌனத்தில்தான் லாபமே. "இல்லை இல்லை, நான் அப்படி நினைத்து எழுதவில்லை" என்று விளக்க முடியாதபோது, தாளில் இருப்பது மட்டும் என்ன சொல்கிறது என்று முதல் முறையாகக் காதில் விழும். புத்தகம் வெளிவந்த பிறகு ஒவ்வொரு வாசகர் பக்கத்திலும் நின்று விளக்கவா போகிறீர்கள்?

நோட்டுப் புத்தகத்தில் எல்லாவற்றையும் எழுதிக்கொள்ளுங்கள், அன்றைக்கே எதையும் திருத்தாதீர்கள், ஒரு வாரம் போகட்டும். பிறகு எடுத்துப் பார்த்தால் ஒன்று புரியும்: மூன்று பேர் ஒரே இடத்தில் இடறியிருந்தால் அந்த இடத்தில் கோளாறு இருக்கிறது, சந்தேகமே வேண்டாம். ஆனால் அதற்கு அவர்கள் சொன்ன மருந்து பெரும்பாலும் அவரவர் எழுதுகிற கதைக்கான மருந்து. நோயை ஏற்றுக்கொள்ளுங்கள், மருந்தை நீங்களே தேடுங்கள். ஒருவர் மட்டும் சொல்லி, உங்கள் மனசுக்கும் ஒட்டவில்லையா, விட்டுவிடலாம். கேலி செய்கிற, ஆளைத் தாக்குகிற இடமாக இருந்தால் எழுந்து வந்துவிடுங்கள், அது பட்டறையே இல்லை.

வாசிப்பு அமர்வு வைத்திருந்தால் அதையும் தவறவிடாதீர்கள். நான் பார்த்த ஓர் அமர்வில் ஒரு பெண் தன் கதையைச் சத்தமாக வாசித்தார். இரண்டாம் பக்கத்தில், மழை பற்றிய ஒரு நீளமான வாக்கியத்தை அவர் நாக்கு தாண்டிப் போய்விட்டது, அவருக்கே தெரியவில்லை. பிரதியைக் கையில் வைத்துத் தொடர்ந்துகொண்டிருந்தவர் சொன்னதும் திரும்பிப் பார்த்தார், கொஞ்ச நேரம் பேசவில்லை, பேனாவை எடுத்து அந்த வாக்கியத்தை அடித்துவிட்டார். மனசுக்குள் எத்தனை தடவை படித்தாலும் அது சிக்கியிருக்காது.

கேள்வி: மாநாடுகளில் இலக்கிய முகவர்கள், பதிப்பாசிரியர்கள் வருகிறார்களாம். நேரில் பேசினால் புத்தகம் உறுதியா? ஒருவர் "பணம் கட்டினால் படிக்கிறேன்" என்கிறார்.

பதில்: உறுதியெல்லாம் கிடையாது. முகவர் என்பவர் எழுதியவர் சார்பில் பதிப்பகத்திடம் பேசிப் புத்தகத்தை விற்றுத் தருகிறவர், அவ்வளவுதான். நன்றாகப் போனால் "அனுப்புங்கள், பார்க்கிறேன்" என்பார்கள், அதுவே நல்ல விளைவு. உங்களுக்குக் கிடைப்பது சில நிமிடம்தான், அதில் முழுக் கதையையும் சொல்லப் பார்க்காதீர்கள். யார், அவருக்கு என்ன வேண்டும், எது தடுக்கிறது, கிடைக்காவிட்டால் எதை இழப்பார் என்று இரண்டு மூன்று வாக்கியம் போதும். அப்புறம் அவர்களைப் பேச விடுங்கள், கேள்வி கேட்க விடுங்கள். முகம் எந்த இடத்தில் மலர்கிறது என்று பாருங்கள், வேறெங்கும் கிடைக்காத தகவல் அது. நாவலை முடிக்காமல் மட்டும் இந்தச் சந்திப்புக்குப் போகாதீர்கள். "அனுப்புங்கள்" என்றவருக்கு ஒரு வருடம் கழித்து அனுப்பினால் உங்களை நினைவிருக்காது.

பணம் கேட்கிறவரை விட்டு விலகுங்கள். முகவருக்கு வருமானம் உங்கள் புத்தகம் விற்ற பிறகு அதிலிருந்து வரும் கமிஷன்தான், அமெரிக்க, பிரிட்டிஷ் பதிப்புலகில் பெரும்பாலும் 15 சதவீதம். படிப்பதற்கே காசு வாங்குகிறவருக்கு அதை விற்க வேண்டிய அவசியம் என்ன? மாநாட்டுக்கு நுழைவுக் கட்டணம் இருப்பது வேறு. அதிலும் உதவித்தொகை, தொண்டர் வேலைக்குச் சலுகை என்று பல இடங்களில் உண்டு, கேட்கக் கூச்சப்படாதீர்கள்.

கேள்வி: எனக்குப் புது ஆட்களோடு பேசவே வராது. போய் என்ன பயன்?

பதில்: எழுத வருகிறவர்களில் பாதிப் பேர் அப்படித்தான். அறையில் உள்ள எல்லோரோடும் பழக வேண்டியதில்லை. நிகழ்ச்சி முடிந்ததும் பக்கத்தில் இருப்பவரிடம் "நீங்கள் என்ன எழுதிக்கொண்டிருக்கிறீர்கள்?" என்று கேளுங்கள், மீதிப் பேச்சை அவர் பார்த்துக்கொள்வார். எந்த எழுத்தாளருக்கும் பிடித்த கேள்வி அது. ஊர் திரும்பியதும் ஒரு வாரத்துக்குள் அவருக்கு நாலு வரி எழுதிப் போடுங்கள், மாதம் ஒரு கதை மாற்றிப் படித்துக்கொள்ளலாமா என்று கேளுங்கள்.

கேள்வி: கைக்குழந்தை இருக்கிறது, பயணம் முடியாது. இணையவழி மாநாடு போதுமா?

பதில்: உரைகளுக்குத் தாராளமாகப் போதும், பதிவை இரவில் நிறுத்தி நிறுத்திக்கூடக் கேட்கலாம். இடைவேளைப் பேச்சுதான் திரையில் கிடைக்காது. அதனால் நூற்றுக்கணக்கானவர் சேரும் பெரிய நிகழ்ச்சியைவிட, எட்டுப் பத்துப் பேர் மட்டும் சேர்ந்து ஒருவர் கதையை ஒருவர் படிக்கிற சின்னப் பட்டறையாகத் தேடிச் சேருங்கள். சேருமுன் இரண்டு விஷயம் கேளுங்கள்: என் கதையை எத்தனை பேர் முழுதாகப் படிப்பார்கள்? அதைப் பற்றிப் பேச எவ்வளவு நேரம் ஒதுக்குவீர்கள்? தெளிவாகப் பதில் வந்தால் பெயரைக் கொடுத்துவிடுங்கள்.