வெளிநாட்டில் இருந்து வருபவர் இலங்கை மலையகத்தில் காருக்குள் பிஸ்டல் வைத்துக்கொள்ளலாமா?

கேள்வி இது: "ஹூஸ்டனில் இருக்கும் என் அத்தான் ஏப்ரல் சீசனுக்கு நுவரெலியா வருகிறார். அங்கே அவர் காரில் எப்போதும் பிஸ்டல் இருக்கும். தோட்டாவைக் கழற்றி, பெட்டியில் பூட்டி, டிக்கியில் வைத்தால் எங்கேயும் பிரச்சினை வராது என்கிறார். இங்கே வாடகைக் காரில் அப்படிக் கொண்டு போக முடியுமா?"

முடியாது தம்பி. அத்தானிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள், டிக்கெட் போட்ட பிறகு பேசிக்கொள்ளலாம் என்று விடாதீர்கள்.

நான் ஹட்டன் பக்கத்துத் தோட்ட ஆபிசில் பெரிய கிளாக்கராக இருந்து ஓய்வு பெற்றவன். தோட்டத்துத் துவக்குக்கு (துப்பாக்கிக்கு) வருடா வருடம் அனுமதிப்பத்திரம் புதுப்பிக்கிற வேலை என் தலையில்தான் இருந்தது. அதனால் இந்த விஷயம் எனக்குக் கொஞ்சம் பழக்கம்.

அத்தான் சொல்வது பொய் இல்லை. அமெரிக்காவில் 1986ஆம் ஆண்டின் ஒரு கூட்டாட்சிச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. ஒரு மாநிலத்தில் இருந்து இன்னொரு மாநிலத்துக்குக் காரில் போகிறவர், புறப்படும் இடத்திலும் போய்ச் சேரும் இடத்திலும் துப்பாக்கி வைத்திருக்க உரிமை உள்ளவராக இருந்தால், அதை எடுத்துப் போகலாம். தோட்டா ஏற்றியிருக்கக் கூடாது. துப்பாக்கியும் தோட்டாவும் கையெட்டும் தூரத்தில் இருக்கக் கூடாது. தனி டிக்கி இல்லாத வண்டி என்றால் பூட்டிய பெட்டிக்குள் இருக்க வேண்டும், டாஷ்போர்டுப் பெட்டியைப் பூட்டினால் அது கணக்கில் வராது. அவர் இருக்கும் டெக்சாசில் 2021 செப்டம்பரில் இருந்து, 21 வயது நிரம்பிய, சட்டத் தடை எதுவும் இல்லாத ஒருவர் அனுமதிப்பத்திரம் இல்லாமலே கைத்துப்பாக்கியை வெளியே தன்னோடு எடுத்துப் போகலாம். அதே மனிதர் அதே பிஸ்டலோடு நியூ ஜெர்சியில் சும்மா சுற்றினால் கைதாவார். அவர்கள் நாட்டுக்குள்ளேயே மாநிலத்துக்கு மாநிலம் இவ்வளவு வித்தியாசம். அந்தப் பூட்டிய பெட்டிக் கதையை இங்கே கொண்டுவந்து கினிகத்தேன சோதனைச் சாவடியில் சொன்னால் யாரும் காது கொடுக்க மாட்டார்கள்.

இங்கே அடிப்படை 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்க சுடுகலன்கள் கட்டளைச் சட்டம். வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம்தான், 1996இல் திருத்தித் தண்டனைகளைக் கடுமையாக்கினார்கள். அது முதலில் பார்ப்பது, துவக்கு வண்டியில் எந்த மூலையில் இருக்கிறது என்பதை இல்லை. வைத்திருப்பவர் கையில் செல்லுபடியாகும் அனுமதிப்பத்திரம் இருக்கிறதா என்பதைத்தான். இல்லாவிட்டால் பெட்டிக்குள் பெட்டி போட்டுப் பூட்டியிருந்தாலும் குற்றம் குற்றமே. டீ-56 மாதிரி தானியங்கித் துவக்கு என்றால் ஆயுள் தண்டனை வரைக்கும் போகும்.

அனுமதிப்பத்திரம் எங்கே கிடைக்கும் என்று அடுத்துக் கேட்பீர்கள். பயிர்ப் பாதுகாப்புக்கான சாதாரணத் துவக்குகள் கச்சேரி (மாவட்டச் செயலகம்) வழியாக, மாவட்டச் செயலாளர் கையில். பிஸ்டல், ரிவோல்வர் போன்ற தற்பாதுகாப்பு ஆயுதங்கள் பாதுகாப்பு அமைச்சின் கையில். எதுவானாலும் டிசம்பர் 31ஆம் தேதியோடு முடிந்துவிடும், திரும்பப் புதுப்பிக்க வேண்டும். சுற்றுலா வருபவருக்கு "பாதுகாப்புக்கு" என்று பிஸ்டல் கொடுக்கும் வழக்கம் இல்லை. அமைச்சின் முன் அனுமதி இல்லாமல் துப்பாக்கியோ தோட்டாவோ நாட்டுக்குள் வரவும் கூடாது. அத்தானின் பயணப் பையில் எங்காவது ஒரு தோட்டா மறந்து கிடந்தால் அதுவே கட்டுநாயக்கா விமான நிலையத்தில் பெரிய தலைவலி. ஷூட்டிங் போகும்போது பாவித்த பையைப் பயணத்துக்கு எடுக்க வேண்டாம் என்று சொல்லுங்கள்.

இங்கேயே முறையாக பிஸ்டல் வைத்திருந்தவர்களுக்கே நிலைமை இறுகிப்போய்விட்டது. 2024 இறுதியில் பாதுகாப்பு அமைச்சு, தற்பாதுகாப்புக்கு என்று கொடுத்த ஆயுதங்களை மீளாய்வு செய்வதற்காகத் தற்காலிகமாக ஒப்படைக்கச் சொன்னது. வெலிசறை கடற்படை முகாமில்தான் கொடுக்க வேண்டியிருந்தது. நம் பக்கத்து ஆட்கள் கூட அனுமதிப்பத்திரத்தையும் ஆயுதத்தையும் எடுத்துக்கொண்டு மலையிறங்கிப் போக வேண்டிய நிலை. அப்படியிருக்க வாடகைக் காரில் பிஸ்டல் என்ற பேச்சே வேண்டாம்.

சரி, அனுமதிப்பத்திரம் உள்ளவர் வண்டியில் எப்படிக் கொண்டு போவது? நாங்கள் செய்ததைச் சொல்கிறேன். எங்களுடையது ஒற்றைக்குழல், பன்னிரண்டு போர் (குழல் அளவு) துவக்கு. கச்சேரிக்குக் கொண்டு போகும் நாளில் யார் பெயரில் அனுமதிப்பத்திரம் இருக்கிறதோ அவர் வண்டியில் இருந்தே ஆக வேண்டும். டிரைவரிடம் கொடுத்துவிட்டு "கொண்டு போய்க் காட்டிட்டு வா" என்பது கிடையாது. அது ஒருவர் பெயருக்குக் கொடுத்த உரிமை, இரவல் கொடுக்கிற சாமான் இல்லை. துவக்கைக் குழல் வேறு, கட்டை வேறாகக் கழற்றி உறையில் போட்டுப் பின்னால் வைப்போம். தோட்டாக்கள் வேறு பையில் இருக்கும். அனுமதிப்பத்திரம் மேல் பொக்கெட்டில். வழியில் பொலிஸ் மறித்தால், உறையில் கையை வைக்கும் முன்பே "சேர், துவக்கு இருக்கு, லைசன்ஸ் இது" என்று சொல்லிவிடுவோம். ஒருமுறை மழை இருட்டில் ஒரு பொலிஸ்காரர் டோர்ச் அடித்துக் குழலுக்குள் பார்த்தார், பிறகு குழலில் வெட்டியிருந்த இலக்கத்தை விரலால் தடவித் தடவிப் பத்திரத்தோடு ஒத்துப் பார்த்தார். ஒரு இலக்கம் துருவில் மங்கியிருந்தது. அதற்கே ஏகப்பட்ட கேள்வி. புதுப்பிக்கப் போகும் முன் அந்த இடத்தை எண்ணெய் போட்டுத் துடைத்து வைப்பது நல்லது. போகிற வேலைக்கு நேராகப் போய், நேராகத் திரும்ப வேண்டும். கலியாண வீட்டுக்கும் கடைக்கும் வண்டியை நிறுத்திவிட்டுத் துவக்கை உள்ளே விட்டுப் போகக் கூடாது. திருட்டுப் போனால் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான்.

இன்னொன்று. சீசனுக்கு வருபவர்கள் எல்லாரும் ஹோர்ட்டன் சமவெளிக்குப் போவார்கள். பட்டிப்பொலவில் இருந்து ஒஹியாவுக்குப் போகும் பாதை அந்தத் தேசியப் பூங்காவுக்கு ஊடாகத்தான் போகிறது. வனவிலங்குச் சட்டம் அங்கே தனியாக நிற்கிறது. அனுமதிப்பத்திரம் இருந்தாலும் "சும்மா கடந்து போகிறேன்" என்று துவக்கோடு அந்தப் பாதையில் ஏற வேண்டாம்.

இந்தப் பதிலை இவ்வளவு நீட்டி எழுதக் காரணம் உங்கள் அத்தான் இல்லை. அவர் வாடகைக்கு எடுக்கப் போகும் கார், அதை ஓட்டப் போகும் பையன். நம் லயத்துப் பிள்ளைகள் எத்தனையோ பேர் இன்றைக்கு வான், கார் ஓட்டித்தான் வீட்டைப் பார்க்கிறார்கள். ஹயருக்கு ஏறுபவர் சாக்கிலோ பையிலோ என்ன வைத்திருக்கிறார் என்று அவர்கள் கேட்பதில்லை. கேட்டால் ஹயர் போய்விடும் என்ற பயம். எனக்குத் தெரிந்த ஒரு பையனின் வானில், காட்டுப்பன்றி வேட்டைக்குப் போன ஆட்கள் சாக்கில் சுற்றி ஒரு நாட்டுத் துவக்கை வைத்திருந்தார்கள். பிடிபட்டபோது அவனும் சேர்ந்து உள்ளே போனான். விளக்கமறியல் 14 நாள், பிறகு இன்னொரு 14 நாள் என்று தள்ளிக்கொண்டே போனது. துவக்கு வேலை செய்கிறதா என்று அரச பகுப்பாய்வாளர் அறிக்கை வரும் வரை வழக்கு நகரவில்லை. அவனுக்குத் தெரிந்திருந்ததா இல்லையா என்பதை நீதிமன்றத்தில் பேசலாம்தான். ஆனால் அது வரைக்கும் வானுக்கு லீசிங் கட்டுவது யார்? அவன் அம்மா கொழுந்து எடுத்த காசும் காதில் கிடந்த தோடும் லோயருக்குப் போனது. அந்த ஆட்களில் ஒருவர் கூட அந்த வீட்டுப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை.

அதனால் டிரைவர் தம்பிமாருக்கும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். டிக்கியில் சாமான் ஏற்றும்போது நீங்களும் பக்கத்தில் நில்லுங்கள். நீளமான சாக்கு, பாரமான சின்னப் பெட்டி என்றால் என்ன என்று கேளுங்கள், கேட்பது உங்கள் உரிமை. பதில் சரியில்லை என்றால் ஹயரை விடுங்கள். ஆட்கள் இறங்கிப் போன பிறகு சீட்டுக்குக் கீழே துவக்கோ தோட்டாவோ கிடந்தால் கையால் தொடாதீர்கள். எடுத்து வீசவும் வேண்டாம், அவர்களைத் தேடிக் கொண்டு போய்க் கொடுக்கவும் வேண்டாம். வண்டியை நிறுத்தி 119க்கு அடியுங்கள், நிறுத்திய இடத்தையும் அவர்களை ஏற்றி இறக்கிய இடங்களையும் சொல்லுங்கள், அழைத்த நேரத்தை ஒரு துண்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.