ஜெர்மனி, போலந்து அம்மோனியா உற்பத்தி: இரண்டு அட்டவணையில் இரண்டு அளவு

ஜெர்மனி, போலந்து போன்ற நாடுகளின் அம்மோனியா உற்பத்திக்கு இரண்டு அட்டவணையில் இரண்டு அளவு இருக்கிறதே, எது சரி என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டுமே சரியாக இருக்கலாம், அலகுதான் வேறு. ஒரு அட்டவணை அம்மோனியாவையே டன்னில் சொல்கிறது. மற்ற அட்டவணையில் நாடுவாரியாக எல்லா எண்ணும் குறைவாக இருப்பதாகச் சொல்கிறீர்களே, அது அம்மோனியாவிலுள்ள நைட்ரஜனின் எடையை மட்டும் கணக்கிட்டதாக இருக்கும். அமெரிக்க நிலவியல் ஆய்வுத்துறை உலக நாடுகளின் உற்பத்தியை அப்படித்தான் வெளியிடுகிறது. தலைப்பில் பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள், யார் பார்க்கிறார்கள்!

சோதிக்க: ஒரே ஆண்டுக்கு, சிறிய எண்ணைப் பெரிய எண்ணால் வகுங்கள். அம்மோனியாவின் மூலக்கூறு எடை 17, அதில் நைட்ரஜன் 14; 14-ஐ 17-ஆல் வகுத்தால் சுமார் 0.82. ஜெர்மனி, போலந்து, நெதர்லாந்து மூன்றுக்கும் 0.82-ஐ ஒட்டியே வந்தால் சந்தேகமே வேண்டாம். நைட்ரஜன் எண்ணை 1.216-ஆல் பெருக்கினால் அம்மோனியா டன் கிடைத்துவிடும்.

விகிதம் நாட்டுக்கு நாடு மாறினால் கதை வேறு. ஒரு அட்டவணை உண்மையான உற்பத்தியையும் மற்றது ஆலையின் திறனையும், அதாவது அதிகபட்சம் எவ்வளவு தயாரிக்க முடியும் என்பதையும் காட்டலாம். 2022-இல் இந்த இடைவெளி மிகப் பெரிது: எரிவாயு விலை எகிறியதால் இத்தாலியின் ஃபெராரா, பிரான்சின் லெ ஆவ்ர் ஆலைகளில் யாரா (Yara) என்ற உர நிறுவனம் உற்பத்தியைக் குறைத்தது. திறன் பட்டியலில் அது தெரியாது.

அப்புறம் ஒன்று, உர உற்பத்தியை வைத்து அம்மோனியாவை ஊகிக்காதீர்கள். இங்கிலாந்தின் பில்லிங்ஹாமில் அம்மோனியா பிரிவு நின்ற பிறகும், இறக்குமதி அம்மோனியாவை வைத்து அம்மோனியம் நைட்ரேட் உரம் தயாரித்தார்கள்.